பார்ட் சின்னதானா கை ஏன் இவ்வளவு மெதுவாகுது?

ரிச்சி தெரு டெக்னீஷியன்:
11 வருஷமா ரிச்சி தெருவில் மொபைல் போர்டு வேலை பார்க்கிறேன். கடைக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான், வியாசர்பாடி, 19 வயசு. சார்ஜிங் பின் மாத்துறதுல என்னையே முந்திடுவான். 0201ங்கிற சைஸ் கெப்பாசிட்டரை (போர்டுல ஒட்டுற பொடி பார்ட்) வைக்கச் சொன்னா மட்டும் கை நின்னு நின்னு போகுது. அந்த பார்ட் 0.6க்கு 0.3 மில்லிமீட்டர். வெறும் கண்ணுல பார்த்தா மிளகாய்த்தூள் ஒட்டியிருக்கிற மாதிரிதான் தெரியும்.

நேத்து முதலாளி கஸ்டமர் முன்னாடியே "தூங்குறியாடா"ன்னு கத்திட்டார். பையன் பதறிப்போய் சட்டுனு வச்சான். பக்கத்துல இருந்த பார்ட்டும் சேர்ந்து நகர்ந்துடுச்சு. ராத்திரி சென்ட்ரல் வரைக்கும் என்கூட நடந்து வந்தவன் ஒரு வார்த்தை பேசலை.

இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கும் அதே இடத்துலதான் கை மெதுவாகுது. இது சோம்பலா, பழக்கம் பத்தலையா, இல்ல கையோட இயல்பே இதுதானா? முதலாளிகிட்ட உருப்படியா எடுத்துச் சொல்ல ஒரு விளக்கம் வேணும்.

உளவியல் மாணவி, சேப்பாக்கம்:
அண்ணா, சோம்பல் இல்லவே இல்லை. 1954ல் அமெரிக்காவில் பால் ஃபிட்ஸ்ங்கிற உளவியலாளர் இதை அளந்து காட்டியிருக்கார். ரெண்டு உலோகத் தகடு, கையில் ஒரு குச்சி. மாத்தி மாத்தித் தட்டணும். தகட்டோட அகலம் 2 அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை, இடைவெளி 2லிருந்து 16 அங்குலம் வரை. தூரம் ரெண்டு மடங்கானா கஷ்டம் ஒரு படி ஏறும். அகலம் பாதியானாலும் அதே ஒரு படிதான். ஒவ்வொரு படிக்கும் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு கூடிக்கிட்டே போகும்.

காகிதத்துல செஞ்சு பாருங்க. 16 சென்டிமீட்டர் தள்ளி 2 சென்டிமீட்டர் வட்டம் ரெண்டு போட்டு, பேனாவால மாத்தி மாத்திக் குத்துங்க. அப்புறம் வட்டத்தை 1 சென்டிமீட்டராக்குங்க, மெதுவாகும். இப்போ தூரத்தையும் 8 ஆக்கினா பழைய வேகம் ஏறக்குறைய திரும்பி வந்துடும்.

பையனோட கை நின்னு நின்னு போறதுக்கும் காரணம் இருக்கு. கை முதல்ல ஒரே வீச்சுல கிட்டப் போகும், அப்புறம் கண் பார்த்துப் பார்த்துத் திருத்தும். 1899லேயே உட்வொர்த்ங்கிற உளவியலாளர் இதை எழுதிட்டார். இலக்கு சின்னதாக ஆக, திருத்துற வேலைதான் நீளும். பழகினா நேரம் குறையும், ஆனா பெரிய பார்ட்டுக்கும் சின்ன பார்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் போயிடாது. உங்க 11 வருஷம் அதுக்குச் சாட்சி. நேரத்தை வேற யாரோ குறிச்சு அவசரப்படுத்தினா, வேகம் கூடக்கூட கை போய் விழுற இடமும் சிதறும். ஷ்மிட்ங்கிற ஆய்வாளரும் கூட இருந்தவங்களும் 1979ல் காட்டினது இதைத்தான். நேத்து அந்த பார்ட் நகர்ந்தது பையனோட தப்பு இல்லை.

கொருக்குப்பேட்டை தையல் அக்கா:
தம்பி, இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஊசியில நூல் கோர்க்கிறப்போ முழங்கை ரெண்டையும் மடியில ஊன்றி, சுண்டுவிரல் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு முட்டுக்கொடுத்துதான் கோர்ப்பேன். கை அந்தரத்துல இருந்தா கண்ணு எவ்வளவு நல்லா இருந்தாலும் தப்பும். பையனோட மணிக்கட்டு மேசையில படுதான்னு பாரு.

உளவியல் மாணவி, சேப்பாக்கம்:
அக்கா சொன்னதுக்குப் பக்கத்துலேயே ஒரு ஆய்வு இருக்கு! 1976ல் லாங்கால்ஃபும் கூட்டாளிகளும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியிலேயே சின்ன முளைகளைத் துளையில போட வச்சாங்க. முழுக்கை அசையுற பெரிய வீச்சுகளைத் தனியா அளந்தாங்க. கஷ்டம் ஒரு படி ஏறினா, முழுக்கை அசையும்போது 105 மில்லிசெகண்ட் கூடுச்சு. மணிக்கட்டுக்கு 43, விரலுக்கு வெறும் 26. பின்னாடி வந்த சோதனையில ஆள்காட்டி விரல் தனியா அப்படி ஜெயிக்கலை. கட்டைவிரலும் அதுவும் சேர்ந்தப்போதான் நல்லா வந்துச்சு. ட்வீசர் பிடிக்கிற பிடியும் அதுதானே, அண்ணா.

ரிச்சி தெரு டெக்னீஷியன்:
அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப நன்றி. இன்னைக்குப் பையன் மேசையைப் பார்த்தேன். பார்ட் டப்பா போர்டுலேர்ந்து 32 சென்டிமீட்டர் தள்ளி இருந்துச்சு. 4 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்துட்டேன். பாதி, பாதியில பாதி, அதுலயும் பாதி. மூணு படி இறங்கியாச்சு. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு பழைய பேட்டரிப் பெட்டி வச்சோம்.

இன்னொண்ணும் புரிஞ்சுது. பார்ட் எவ்வளவு சின்னதுங்கிறதைவிட, எவ்வளவு விலகி உட்காரலாம்ங்கிறதுதான் கணக்கு. ஃப்ளக்ஸ் (ஈயம் நல்லா ஒட்ட உதவுற பசை) போட்டு ஹாட் ஏர்ல, அதாவது சூடான காத்து ஊதுற மெஷின்ல வச்சா, உருகின ஈயமே கொஞ்சம் கோணலா இருக்கிற பார்ட்டையும் இழுத்து நேரா உட்கார வைக்கும். அப்போ கைக்கு இலக்கு பெருசாயிடுது. இத்தனை வருஷம் செஞ்சிருக்கேன், இப்படி நினைச்சதே இல்லை. பையனை இனிமே சால்டரிங் அயர்ன்ல வைக்கவிடாம ஹாட் ஏர்லயே பழக்கப் போறேன்.

ஜம்பர் வயர் (ரெண்டு புள்ளியை இணைக்கிற மெல்லிய கம்பி) இழுக்கிறதுக்கு மட்டும் ஈயம் இப்படிக் கைகொடுக்காது. அங்க நேரம் கேட்டு வாங்கித்தான் ஆகணும். ரெண்டு காகிதத்துல வட்டம் போட்டு வச்சிருக்கேன், ஒண்ணுல பெருசு, ஒண்ணுல சின்னது. நாளைக்குக் காலையில கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி முதலாளி கையில பேனாவைக் கொடுத்து, ரெண்டையும் ஒரே வேகத்துல குத்திப் பாருங்கன்னு கேட்கப் போறேன்.