மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குப் பாதம் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: புழல் முகாமில் இருக்கும் ஈழத்து அம்மா, வயது 58. பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை, தினம் 2 கிராம். சாப்பாடு சோறும் சம்பலும்தான். பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. சர்க்கரைதான் காரணமா?

பதில் 1: சர்க்கரை மேல் மட்டும் பழிபோடாதீர்கள். மெட்ஃபார்மின் குடலில் வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். பி12 குறைந்தால் நரம்பு கெட்டுப் பாதம் மரத்துப்போகும். மீன், முட்டை, பால் இல்லாத சாப்பாடு இன்னொரு அடி. ரத்தத்தில் பி12 பாருங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகக் குறைபாடுதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில் 2: தயவுசெய்து ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பி12 குறைவால் வந்த ரத்தசோகை தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 குறைந்தால் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை) பொய்யாக ஏறிக் காட்டலாம். வெறும்வயிற்றுச் சர்க்கரையோடு ஒப்பிடுங்கள்.

பதில் 3: காசிமேட்டு மத்தி 100 கிராமிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் பி12 உண்டு. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஆனால் மரத்துப்போன பிறகு மீன் மட்டும் போதாது. டாக்டர் சொல்லும் ஊசியோ, தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ வேண்டும்.