காது அறுவை சிகிச்சையில் மேல்பயிற்சி: எதைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது?

டர்பன்_டாக்டர்:
வணக்கம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். காது, மூக்கு, தொண்டைப் பயிற்சி இந்த ஆண்டு முடிகிறது. அடுத்து காதுக்கு மட்டும் ஓராண்டு ஃபெலோஷிப் செய்ய ஆசை. எங்கள் ஆயாவுக்குச் சீழ் வடிந்து வடிந்தே ஒரு காது போய்விட்டது. யார் பேசினாலும் தலையைத் திருப்பி நல்ல காதைக் காட்டுவார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேப் டவுனா, சென்னையா?

கேப்_டவுன்_அக்கா:
ஊரை விடுங்கள் தங்கச்சி. காதெலும்பைத் துளைத்துப் பழகும் எலும்பு ஆய்வகம் இருக்கிறதா, எலும்பைத் துளைக்கும் ட்ரில்லை உங்கள் கையில் எப்போது தருவார்கள் என்று கேளுங்கள். பார்த்துக்கொண்டே நின்றால் கை பழகாது. மாஸ்டாய்டை, அதாவது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை, கிணறு மாதிரி ஆழமாகத் தோண்டாமல், தட்டு மாதிரி அகலமாகத் திறக்க வேண்டும். எலும்பு மெலியும்போது ட்ரில்லின் சத்தம் மாறும். அந்த மாற்றம் காதில் ஏற எனக்குப் பல மாதம் ஆனது. முகநரம்பு பக்கம் போனால் ட்ரில்லுக்கு வைர முனைதான், தண்ணீரும் நிறைய விட வேண்டும். சூடே நரம்பைக் கெடுத்துவிடும். அப்புறம், இங்கே டைகர்பர்க் மருத்துவமனையில் 1986 முதலே காக்ளியர் இம்ப்ளாண்ட், அதாவது கேட்க உதவும் உள்காதுக் கருவி, வைக்கிறார்கள். நேரில் போய் ஒரு வாரம் பாருங்கள்.

பிரிட்டோரியா_தம்பி:
இங்கேயும் பாருங்க அக்கா. 2019-இல் ஸ்டீவ் பீகோ மருத்துவமனையில் பேராசிரியர் மஷுடு ட்ஷிஃபுலாரோ 3டி அச்சில் செய்த நடுக்காது எலும்புகளைப் பொருத்தினார்.

டர்பன்_டாக்டர்:
சரி அக்கா, ட்ரில் கேள்வியைத்தான் முதலில் எழுதி அனுப்பப் போகிறேன்.