ஏன்ஷியன்ட் சிட்டியில் நாலாவது அலறல்: மைன்கிராஃப்டில் இன்னும் உறுத்துற சந்திப்புகள்

ஆழப்பாறை
மைன்கிராஃப்ட் விளையாட்டுல இன்னும் உறுத்துற சந்திப்பு எதுன்னு கேட்டா, நேரா விஷயத்துக்கு வர்றேன். ஏன்ஷியன்ட் சிட்டி (நிலத்தடியில இருக்கிற பாழடைஞ்ச நகரம்), வழி முழுக்க ஸ்நீக் (குனிஞ்சு பதுங்கி நடக்கிறது), ஒரு காலடி கேட்கலை. செஸ்ட் (பொருள் வைக்கிற பெட்டி) மூடி திறந்த மாத்திரத்துல பக்கத்துச் சென்சர் (அதிர்வை உணர்ற ப்ளாக்) மினுங்குச்சு, உடனே ஷ்ரீக்கர் (சென்சர் மினுங்கினா அலறுற ப்ளாக்) அலறுச்சு. திரை இருண்டுடுச்சு. நாலாவது அலறல். தரையைக் கிழிச்சிக்கிட்டு வார்டன் (சத்தத்தை வெச்சு வேட்டையாடுற அரக்கன்) தலை மேல வர்ற அந்தக் காட்சிதான் போகவே மாட்டேங்குது.

ஸ்நீக் காலடியை மறைக்கும், குதிச்சு இறங்குற சத்தத்தையும் மறைக்கும். செஸ்ட் திறக்கிறது, மூடுறது, ப்ளாக் வைக்கிறது, உடைக்கிறது எதையும் மறைக்காது. 8 ப்ளாக் வரைக்கும் சென்சருக்குக் கேட்கும். "ஸ்நீக்ல போனா போதும்"ங்கிறது பாதி உண்மைதான்.

சாம்பல்கம்பளி
சரிதான், ஆனால் தீர்வைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். செஸ்ட்டுக்கும் சென்சருக்கும் நடுவே நேர்கோட்டில் ஒரு கம்பளி ப்ளாக் நின்றால் அதிர்வு போய்ச் சேராது. கம்பளியை வைப்பதும் உடைப்பதும் அதிர்வு எழுப்பாது என்பதால் சென்சரின் பக்கத்திலேயே நின்று வைக்கலாம்.

இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கார்ப்பெட்டும் கம்பளி ப்ளாக்கும் ஒன்றல்ல. 2 கம்பளிக்கு 3 கார்ப்பெட் கிடைப்பதால் சிக்கனம் என்று அதையே மூட்டையாகத் தூக்கிப் போகிறார்கள். கார்ப்பெட்டின் மேல் நடந்தால் காலடி கேட்காது, அவ்வளவுதான். வேறிடத்திலிருந்து வரும் அதிர்வை அது தடுக்காது. தடுப்பது முழு ப்ளாக் மட்டுமே. நடைபாதைக்குக் கார்ப்பெட், மறைப்புக்கு ப்ளாக் என்று இரண்டும் ஒவ்வொரு ஸ்டாக் (64) எடுத்துப் போங்கள்.

எச்சரிக்கைக் கணக்கையும் மனதில் வையுங்கள். ஒரு அலறலுக்கு ஒரு படி ஏறும், நாலில் வார்டன். புதிய அலறல் இல்லாமல் 10 நிமிடம் போனால் ஒரு படி இறங்கும். மூன்றாவது கேட்டதும் பேராசைப்படாமல் ஒரு மூலையில் அசையாமல் நில்லுங்கள். கூட்டாக விளையாடினால் இன்னொரு ஆபத்து: 16 ப்ளாக்குக்குள் இருப்பவர்களில் யாருடைய கணக்கு அதிகமோ அதுவே எல்லோருக்கும் ஏறும். மூன்று வாங்கிய நண்பன் பக்கத்தில் இருந்தால், அடுத்த அலறல் உங்களுக்கும் நாலாவதுதான்.

டார்ச்சுல_சிக்கனமில்லை
எல்லாரும் வார்டன் வார்டன்னு பேசுறீங்க. முதுகுக்குப் பின்னாடி "ஸ்ஸ்ஸ்"னு க்ரீப்பர் (கிட்ட வந்து வெடிக்கிற அரக்கன்) வருமே, அதுக்கு ஈடு இல்லை. அதுவும் சொந்த வீட்டுக்குள்ள.

ஆளுக்கு 24 ப்ளாக்குக்குள்ள க்ரீப்பர் ஸ்பான் ஆகாது (புதுசா உருவாகாது). அப்போ வீட்டுக்குள்ள நிக்குதுன்னா, வெளியே போயிருந்தப்போ உருவாகியிருக்கு. மாடிப்படிக்குக் கீழ, செஸ்ட் அடுக்குக்குப் பின்னாடி, எங்கேயோ வெளிச்ச அளவு 0 (மொத்த இருட்டு). முன்னாடி 7 இருந்தாலும் ஸ்பான் ஆகும், 1.18 பதிப்புலேர்ந்துதான் 0 கணக்கு. டார்ச் 14ல ஆரம்பிச்சு ப்ளாக்குக்கு ஒண்ணு குறையும், மூலைவிட்டத்துல இன்னும் சீக்கிரம் குறையும்.

சத்தம் கேட்டா திரும்பிப் பார்த்து யோசிக்காதீங்க. வெடிக்க 1.5 வினாடிதான். ஓடணும், இல்லைன்னா அதோட முகத்துக்கு நேரா ஷீல்டைத் தூக்கணும். ஒரு பூனையை வீட்டுல உட்கார வெச்சா 6 ப்ளாக்குக்குள்ள க்ரீப்பர் நெருங்காது.

லாவாலேயர்
டைமண்டுக்குத் தோண்டும்போது பாறைக்குப் பதில் ஆரஞ்சு வெளிச்சம் தெரியும் அந்த நொடி. இன்வென்டரி நிறைய சரக்கோடு. அவ்வளவுதான் என் பங்கு. மீதி அறிவுரை, யாரும் கேட்கவில்லை என்றாலும்:

டைமண்டுக்கு Y (உயர எண்) 11, 12 என்று இன்னும் சொல்பவர்களை நம்பாதீர்கள், அது 1.18க்கு முந்தைய உலகம். இப்போது உலகத்தின் அடி -64. ஆழம் போகப் போக டைமண்ட் கூடும். -60 முதல் பெட்ராக் (உடைக்க முடியாத பாறை) குறுக்கிடுவதால் -58, -59 வசதி. ஆனால் -54க்குக் கீழே உள்ள குகைகளில் லாவா நிறைந்திருக்கும் என்பதால் அங்கே சுரங்கம் வெட்டுவது லாவாவின் பக்கத்து அறையில் வெட்டுவது மாதிரி. கூரையில் லாவாத் துளி சொட்டினால் அந்த ப்ளாக்குக்கு நேர் மேலே லாவா நிற்கிறது, கை வைக்காதீர்கள். சுவர் உடைந்து வழிந்தால் பதறவும் வேண்டாம். ஓவர்வேர்ல்டில் (சாதாரண உலகத்தில்) லாவா ஒரு ப்ளாக் நகர 1.5 வினாடி எடுக்கும், காபிள்ஸ்டோனால் (சாதாக் கல்) அடைக்க அது போதும். ஹாட்பாரில் (கைக்கு உடனே வரும் பொருள் வரிசை) கடைசி இடம் எப்போதும் வாட்டர் பக்கெட்டுக்கு. தேங்கி நிற்கும் லாவா மூலத்தின் மேல் தண்ணீர் பட்டால் அப்சிடியன் (கறுப்புக் கடினப் பாறை), ஓடும் லாவாவில் பட்டால் காபிள்ஸ்டோன். நீண்ட நேரம் தோண்டுவதென்றால் ஃபயர் ரெசிஸ்டன்ஸ் (தீ சுடாமல் காக்கும் மருந்து) காய்ச்சுங்கள்: ஆக்வர்ட் போஷன் என்ற அடிப்படை மருந்தில் மேக்மா க்ரீம் சேர்த்தால் 3 நிமிடம் தாங்கும், ரெட்ஸ்டோனும் சேர்த்தால் 8.

செத்தால் கீழே சிதறும் பொருளை 5 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறைந்துவிடும்.

ஆழப்பாறை
@லாவாலேயர் அந்த 5 நிமிஷத்தைச் சும்மா போட்டுப் பயமுறுத்தாதீங்க. அந்த சங்க் (உலகத்தோட அந்தத் துண்டு) லோடு ஆகியிருந்தாத்தான் நேரம் ஓடும். செத்தா திரும்ப எழுற பெட் தூரமா இருந்தா, திரும்ப நடந்து கிட்ட வந்தப்புறம்தான் மீதி நேரம் தொடரும். லாவால விழுந்தது வேற கதை, நெதரைட் (தீயில கருகாத உலோகம்) பொருள் தவிர எல்லாம் அப்பவே சாம்பல்.

சரி, வார்டன் வந்தாச்சு. அடிச்சுச் சாய்க்கலாமா?

சாம்பல்கம்பளி
எதற்கு? 500 ஹெல்த். எண்டர் டிராகனே 200தான். நார்மலில் ஒரு அடி 30, கவசம் இல்லாத ஆளின் மொத்த ஹெல்த்தே 20. தூண் கட்டி மேலே நின்றால் சோனிக் பூம் (ஒலி அலைத் தாக்குதல்), சுவரையும் ஷீல்டையும் கவசத்தையும் தாண்டி 10 எடுக்கும். கொன்றால் கிடைப்பது ஒரு ஸ்கல்க் கேட்டலிஸ்ட் ப்ளாக். மண்ணிலிருந்து வெளியே வர வார்டனுக்குக் கிட்டத்தட்ட 7 வினாடி பிடிக்கும், அதற்குள் நகர்ந்துவிடுங்கள். பிறகு ஸ்நீக்கில் இருந்தபடியே தூரத்தில் ஸ்னோபால் எறியுங்கள், விழுந்த இடத்துக்குப் போகும். 60 வினாடி எதுவும் பிடிபடாவிட்டால் மண்ணுக்குள் திரும்பிவிடும். கிட்ட நின்றால் மோப்பம் பிடித்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

நான் முதலில் சென்சர்களை உடைத்துவிடுவேன்.

ஹோ_மட்டும்_போதும்
சென்சரா? தப்பான வரிசை ப்ரோ. சிட்டியில சென்சர் கணக்கில்லாம இருக்கும், ஷ்ரீக்கர் கொஞ்சம்தான். சென்சர் தானா அலறாது. 8 ப்ளாக்குக்குள்ள ஷ்ரீக்கர் இருந்தாத்தான் பிரச்சினை. மத்த ஷ்ரீக்கர்கள்லேர்ந்து தள்ளி, தனியா நிக்கிற ஒண்ணுலேர்ந்து ஆரம்பிங்க. உடைக்கிற சத்தத்துல சென்சர் மினுங்கும், ஆனா அலறுறதுக்கு ஆள் இருக்காது. மேல ஏறி மிதிக்காம பக்கத்துலேர்ந்து ஹோவால (மண்வெட்டி) உடைங்க, அதுதான் வேகம். சாதா ஹோன்னா எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) மட்டும் கிடைக்கும். சில்க் டச் (ப்ளாக்கை அப்படியே எடுக்க வைக்கிற மந்திரம்) இருந்தா ஷ்ரீக்கரையே எடுத்துட்டு வரலாம். நாம வைக்கிற ஷ்ரீக்கர் வார்டனைக் கூப்பிடாது. வாசல்ல ஒரு சென்சரோட வெச்சுட்டா காலிங் பெல்.