புதுப்பிப்பு: கொரோனாவும் ரத்தக் கொழுப்பும் – என் முந்தைய இழைக்கு ஒரு திருத்தம்

கொரோனா தீவிரமானவர்களிடம் எச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பு குறைந்தும் டிரைகிளிசரைடு என்னும் இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு கூடியும் காணப்பட்டதால், அந்த நிலையே நோயைத் தீவிரமாக்கியது என்று முந்தைய இழையில் எழுதியிருந்தேன். காரணத்தையும் விளைவையும் குழப்பிவிட்டதாக ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. கடுமையான தொற்றில் அழற்சி உச்சத்தில் இருக்கும்போது, உடல் கொழுப்பைக் கையாளும் விதமே மாறி, எச்டிஎல், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் இரண்டும் சரிந்து டிரைகிளிசரைடு ஏறுவதால், மருத்துவமனைப் படுக்கையில் எடுத்த ரத்தம் நோய்க்கு முந்தைய நிலையைக் காட்டாது.

இந்தச் சிக்கலைத் தாண்ட பல்லாயிரம் பேரின் உடல்நலத் தகவல்களையும் ரத்த மாதிரிகளையும் சேகரித்து நெடுங்காலம் தொடரும் பிரிட்டனின் யூகே பயோபேங்க் ஆய்வு உதவுகிறது. அங்கே 2006 முதல் 2010 வரை சுமார் 5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டனர். அப்போது எச்டிஎல் குறைவாக இருந்தவர்கள், பத்தாண்டுகள் கழித்துக் கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனாலும் மரபணுவழி ஆய்வுகள் உடல் பருமனைக் காரணமாகக் காட்டிய அளவுக்கு எச்டிஎல்லைக் காட்டவில்லை. குறைந்த எச்டிஎல் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பின் (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலையின்) அடையாளமே என்று இப்போது கருதுகிறேன். ஈரானில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் வகை மருந்தான அடோர்வாஸ்டேடின் 20 மி.கி. கொடுத்த சோதனையிலும் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. இதயத்துக்காக ஸ்டேடின் எடுப்பவர்கள் இதைப் படித்து நிறுத்திவிட வேண்டாம். காய்ச்சலின்போது எடுத்த லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட் கையில் இருந்தால், குணமாகிச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.