மாநிலச் சட்ட கிளாஸ் ஆக்‌ஷனை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டால் திரும்பக் கொண்டுவர முடியுமா?

கேள்வி:
கலிபோர்னியா ஸ்டேட் கோர்ட்டில் ஓவர்டைம் பாக்கி கேட்டு, ‘கிளாஸ்’ எனப்படும் ஒரு கூட்டத்தார் எல்லோருக்குமாக ஒருவர் போடும் வழக்கு, அதாவது ஒரு கிளாஸ் ஆக்‌ஷன். முழுக்க மாநிலச் சட்டம்தான். அந்த மாநிலக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்த 800 பேர். பிரதிவாதிகள் இருவர்: டெலவேரில் பதிவாகி டெக்சஸில் தலைமையகம் உள்ள கம்பெனி, ஆட்களை அனுப்பிய கலிபோர்னியா கம்பெனி. டெக்சஸ் கம்பெனி 2005 கிளாஸ் ஆக்‌ஷன் நியாயச் சட்டத்தைக் காட்டி வழக்கை ஃபெடரல் கோர்ட்டுக்கு மாற்றிவிட்டது. வாதியும் ஒரு பிரதிவாதியும் ஒரே மாநிலத்தவர் ஆயிற்றே, எப்படி முடிந்தது? 50 லட்சம் டாலருக்கு மேல் கேட்க மாட்டோம் என்று வாதி எழுதிக் கொடுத்தால் ரிமாண்ட் (ஸ்டேட் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பும் உத்தரவு) கிடைக்குமா?

பதில் 1:
எழுதிக் கொடுப்பது உதவாது. ஸ்டாண்டர்ட் ஃபயர் எதிர் நோல்ஸ் (2013) வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது: கிளாஸ் சான்றளிக்கப்படும் (கூட்டு வழக்காக நடத்த கோர்ட் அனுமதிக்கும்) முன் ஒரு வாதி தரும் வாக்குறுதி மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

மாநிலச் சட்ட வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக, வழக்கமான விதிப்படி எந்த வாதியும் எந்தப் பிரதிவாதியும் ஒரே மாநிலத்தவராக இருக்கக் கூடாது. இந்த 2005 சட்டத்துக்கு யாராவது ஒரு உறுப்பினரும் ஒரு பிரதிவாதியும் வேறுபட்டால் போதும். கூடவே குறைந்தது 100 பேர், மொத்தம் 50 லட்சம் டாலருக்கு மேல். உள்ளூர்ப் பிரதிவாதியின் சம்மதமும் வேண்டாம்.

தொகையில் தாக்க இடம் உண்டு. ஓவர்டைம் மணிக்கு 30 டாலர், 150 வாரம், 800 பேர் என்று வையுங்கள். வாரம் 2 மணி நேரம் பாக்கி என்றால் 72 லட்சம்; 1 மணி நேரம் என்றால் 36 லட்சம். வழக்கே அந்த ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. வழக்கை மாற்றப் பிரதிவாதி கொடுக்கும் நோட்டீஸில் நம்பத்தகுந்த கணக்கு இருந்தாலே போதும் (டார்ட் செரோகி, 2014). ஆனால் நீங்கள் மறுத்தால் இரு தரப்பும் ஆதாரம் வைக்க வேண்டும். அந்த 2 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

பதில் 2:
என் பார்வையில் தொகையைவிட ‘உள்ளூர்த் தகராறு’ விலக்குதான் (உள்ளூர் வழக்கை ஃபெடரல் கோர்ட் ஏற்காமல் விட வேண்டும் என்ற விதி) பலமான வழி. கிளாஸில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் கலிபோர்னியா குடிமக்கள், முக்கியப் பொறுப்புள்ள ஒரு பிரதிவாதி உள்ளூர், முதன்மைப் பாதிப்பு அங்கேயே, முந்தைய 3 ஆண்டுகளில் இதே பிரதிவாதிகளில் எவர்மீதும் இதே மாதிரி கிளாஸ் ஆக்‌ஷன் இல்லை. நான்கும் வேண்டும், நிரூபிக்கும் சுமை ரிமாண்ட் கேட்பவருக்கு.

பலரும் சறுக்குவது முதலாவதில். அங்கே வேலை பார்த்தார்கள் என்பது மாநிலக் குடியுரிமை ஆகாது, விலாசம் இருப்பதும் ஆகாது. அங்கேயே நிலைத்து வாழும் எண்ணம் தெரிய வேண்டும். மொன்ட்ராகன் எதிர் கேபிடல் ஒன் (2013) வழக்கில் ஒன்பதாவது சர்க்யூட் (கலிபோர்னியாவுக்கான ஃபெடரல் மேல்முறையீட்டு கோர்ட்) ஊகத்தை ஏற்கவில்லை, ஆதாரம் கேட்டது. ஆள் பட்டியல், கடைசி விலாசம் எல்லாவற்றையும் கேட்டு வாங்க நீதிபதியிடம் அனுமதி கேளுங்கள்.

‘கலிபோர்னியா குடிமக்கள்’ என்று கிளாஸை இப்போது திருத்தி எழுதினால் பலனில்லை. அதே கோர்ட்டின் பிராட்வே கிரில் எதிர் வீசா (2017) தீர்ப்பு அந்த வழியை அடைத்துவிட்டது. முதல் மனுவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பதில் 3:
மனுவில் ஃபெடரல் ஊதியச் சட்டக் கோரிக்கையும் இருந்து, அதனால் மாற்றப்பட்டிருந்தால்? அதை நீக்கினால் திரும்புமா?

பதில் 2:
அது மட்டுமே அடிப்படை என்றால் திரும்பும். சுப்ரீம் கோர்ட்டின் ராயல் கேனின் தீர்ப்பு (ஜனவரி 2025) அதுதான்: ஃபெடரல் கோரிக்கை போனால் அதனுடன் ஒட்டியிருந்த மாநிலக் கோரிக்கைமீதான அதிகாரமும் போகும். ஆனால் 2005 சட்டமும் பொருந்தினால் அது தனிக் கால், நீக்குவதால் விழாது.

இன்னொன்று: விலக்கு கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வழக்கை மாற்றியதில் உள்ள நடைமுறைக் குறைகளைக் காட்டி ரிமாண்ட் கேட்க 30 நாள் கெடு. ரிமாண்ட் உத்தரவை எதிர்த்து மேல்முறையீட்டு அனுமதி கேட்க 10 நாள்தான், அது இரு தரப்புக்கும்.