பாலக்காட்டு ஆர்டர் மெயில் எங்க போச்சு?

குழு: மில்லும் வீடும்
செவ்வாய்க்கிழமை

9:06 அத்தை: பாலக்காட்டு பாய் போன் பண்ணினார். ஆர்டரை நேத்து மத்தியானமே மெயில்ல போட்டுட்டாராம். லாரி எப்பம்மா கிளம்பும்னு கேக்குறார். இங்க ஒண்ணுமே வரலையே

9:07 அத்தை: கணக்கு அண்ணன் சிஸ்டத்துலயும் பாத்தாச்சு. இல்ல

9:09 பெரியப்பா: ஸ்பாம்ல பாத்தியாம்மா?

9:10 அத்தை: பாத்தேண்ணே. லோன் வேணுமான்னு கேக்குறவன்தான் உக்காந்திருக்கான்

9:12 சித்தப்பா: ஹேக் பண்ணிட்டானுங்க. உடனே பாஸ்வேர்டை மாத்துங்க

9:12 சித்தப்பா: ஃபார்வர்ட் செய்யப்பட்டது: *அவசரம்* உங்கள் மெயிலைத் திருடும் புது வைரஸ்!! இதை 20 பேருக்கு உடனே அனுப்பவும்…

9:13 பெரியப்பா: இதையெல்லாம் இங்க போடாதேடா

9:15 கணக்கு அண்ணன்: ஐயா, ஆடிட்டர் ஆபீஸ்லேருந்தும் ஒரு மெயில் போட்டதா சொன்னாங்க. ஜிஎஸ்டி 3பி, அதாவது மாச வரிக் கணக்கு விஷயம், 20-ந் தேதிக்குள்ள போடணும். அதுவும் வரலீங்க. நாம அனுப்புறது மட்டும் சரியா போவுது

9:31 கார்த்தி: இப்பதான் பாத்தேன் அத்தை. யாரும் எதையும் அழிக்காதீங்க, புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க. பாஸ்வேர்டும் இப்ப வேண்டாம். மாத்தினா எல்லா சிஸ்டத்துலயும் ஒரே நேரத்துல மெயில் நின்னுடும், எவன் எடுக்குறான்னு கண்டுபிடிக்க முடியாம போயிடும்

9:32 சித்தப்பா: அப்ப நான் சொன்னது சரிதானே, எவனோ எடுக்குறான்

9:34 கார்த்தி: இருக்கலாம் சித்தப்பா, அதையும் பாத்துடுவோம். திருட்டுத்தனமா உள்ள வர்றவன் வழக்கமா செய்யிற வேலை ரெண்டு. வர்ற மெயிலை வேற ஐடிக்கு ஃபார்வர்ட் போட்டு வைப்பான், இல்லன்னா நம்ம கண்ணுல படாம நேரா குப்பைக்குப் போக ஃபில்டர் போடுவான். அத்தை, பிரவுசர்ல மெயிலைத் திறந்து செட்டிங்ஸ்ல இந்த ரெண்டு இடத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க

9:52 அத்தை: 📷 போட்டோ

9:52 அத்தை: 📷 போட்டோ

9:55 கார்த்தி: ரெண்டும் காலி. வெளியாள் வேலை மாதிரி தெரியல. பிரவுசர்ல இன்பாக்ஸ்ல மொத்தம் எவ்வளவு மெயில் இருக்கு?

9:57 அத்தை: கொஞ்சம்தான்டா. அதுவும் காலைல வந்தது மட்டும். போன மாசத்து மெயில் ஒண்ணுகூட இல்ல

9:58 கார்த்தி: அதான் சங்கதி. அங்கேயே இருங்க. என் போன்லேருந்து ஒரு மெயில் அனுப்புறேன், சப்ஜெக்ட்ல மணி 9:58-னு போட்டிருப்பேன்

10:01 அத்தை: வந்துடுச்சு

10:02 கார்த்தி: திறக்க வேண்டாம். அஞ்சஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெஃப்ரெஷ் பண்ணுங்க

10:19 அத்தை: டேய் கார்த்தி

10:19 அத்தை: காணோம்டா!! இப்பதான் இருந்துச்சு. ரெஃப்ரெஷ் பண்ணினேன், போயே போச்சு

10:20 சித்தப்பா: நான் சொன்னேன்ல

10:21 கார்த்தி: கணக்கு அண்ணே, உங்க சிஸ்டத்துக்கு வந்துச்சா?

10:22 கணக்கு அண்ணன்: வரலீங்க தம்பி

10:23 கார்த்தி: அப்ப மூணாவதா ஒரு சிஸ்டம் நம்ம மெயிலை எடுத்துக்கிட்டு இருக்கு. மில்லுல வேற எங்க கம்ப்யூட்டர் ஓடுது?

10:24 பெரியப்பா: வேற எங்கடா? எடைமேடைல ஒண்ணு இருக்கு. அதுல வெயிட் பிரிண்ட் மட்டும்தான்

10:26 கணக்கு அண்ணன்: தம்பி, ஒண்ணு சொல்லலாமா. ஞாயித்துக்கிழமை வர்ற மெயிலெல்லாம் எனக்கு ஒழுங்கா வருதுங்க. திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா இருக்கும். மத்த நாள்லதான் பாதி வருது, பாதி வரல. பொங்கலுக்கு முன்னாடி இந்தப் பிரச்சனையே இல்ல

10:28 கார்த்தி: இதை யாரும் சொல்லவே இல்லையே! ஞாயித்துக்கிழமை எடைமேடை லீவா?

10:29 பெரியப்பா: ஆமாம். சம்பா அறுப்பு ஆரம்பிச்சதுலேருந்து மத்த ஆறு நாளும் ராப்பகலா ஓடுது. அதுக்கு முன்னாடி வாரத்துக்கு ரெண்டு வண்டி வந்தா பெரிய விஷயம்

10:30 கார்த்தி: அந்த எடைமேடை கம்ப்யூட்டர் புதுசா வாங்கினதா?

10:31 அத்தை: இல்லடா. ஆபீஸுக்குப் புதுசு வாங்கினப்ப பழசை அங்க கொடுத்துட்டோம். ஆடி மாசம்

10:31 கார்த்தி: பிரபு, இருக்கியா?

10:40 எடைமேடை பிரபு: சொல்லுங்கண்ணே. நாலு டிராக்டர் நிக்குது

10:41 கார்த்தி: ஒரு நிமிஷம்தான். ஸ்கிரீனுக்குக் கீழ கோடு மாதிரி இருக்குல்ல, அதுல வெயிட் புரோகிராம் தவிர வேற ஏதாவது திறந்திருக்கா?

10:43 எடைமேடை பிரபு: மஞ்சளா ஒண்ணு இருக்குண்ணே. சிஸ்டம் போட்டா அதுவா வரும். நான் தொட்டதே இல்ல

10:44 கார்த்தி: அதைத் தொடு இப்ப

10:46 எடைமேடை பிரபு: 📷 போட்டோ

10:47 எடைமேடை பிரபு: அண்ணே மெயிலா கெடக்கு! 9:58-னு உங்க பேர்ல ஒண்ணு மேலயே இருக்கு

10:47 அத்தை: அடப்பாவி

10:48 எடைமேடை பிரபு: பாலக்காடு பாய் மெயிலும் இருக்குக்கா. ஆடிட்டர் ஆபீஸுதும் இருக்கு. இருநூறுக்கு மேல இருக்கும் போல, ஒண்ணையும் யாரும் திறக்கல

10:49 பெரியப்பா: ஆர்டர்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சு சொல்லு முதல்ல

10:53 எடைமேடை பிரபு: 📷 போட்டோ

10:54 பெரியப்பா: பொன்மணி புழுங்கல், 25 கிலோ சிப்பம், ரெண்டு லோடு. விலையும் நாம சொன்னதுதான். நான் பாய்கிட்ட பேசிக்கிறேன். கார்த்தி, இது ஏன் இப்படி ஆச்சு?

11:08 கார்த்தி: அந்தப் பழைய சிஸ்டத்துல அவுட்லுக் 2007-னு மெயில் எடுக்கிற புரோகிராம் இருக்கு பெரியப்பா. நம்ம மில் மெயில் அதுல 'பாப்'ங்கிற முறைல போட்டிருக்கு. 1984-ல வந்த முறை அது. போன் லைன்ல இன்டர்நெட் பிடிச்ச காலத்துல, கனெக்‌ஷன் கிடைச்ச அந்தக் கொஞ்ச நேரத்துல சர்வர்ல இருக்கிற மெயிலையெல்லாம் வாரி நம்ம மெஷினுக்குள்ள போட்டுக்கிட்டு, சர்வர்ல இருக்கிறதைத் துடைச்சிடும். ஆளுக்கு ஒரே ஒரு மெஷின்னு இருக்கிற வரைக்கும் அது சரியான ஏற்பாடுதான். ஒரே மெயிலை ரெண்டு மெஷின்ல வச்சா எது முந்துதோ அதுக்குத்தான் மெயில். அவுட்லுக் சாதாரணமா அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பாக்கும். அதனாலதான் பாதி கணக்கு அண்ணனுக்கு வந்துச்சு, பாதி பிரபுகிட்ட மட்டும் போச்சு. அண்ணன் சிஸ்டமும் பாப்தான், ஆனா அதுல 'சர்வரில் ஒரு காப்பியை விட்டுவை'ன்னு டிக் இருக்கு. பழசுல அந்த டிக் இல்ல. 2007-ல நாமளா போட்டாத்தான் உண்டு

11:11 பெரியப்பா: புரியுது. தலைமடைக்காரன் மொத்தத் தண்ணியையும் திருப்பிக்கிட்டான், கடைமடை காஞ்சு கெடக்கு

11:12 கார்த்தி: அதேதான். இதுல தலைமடைக்காரனுக்குத் தண்ணி வந்ததே தெரியாது

11:12 எடைமேடை பிரபு: 😂

11:13 சித்தப்பா: சரி அதை அங்கேருந்து தூக்கிடு பிரபு, அன்இன்ஸ்டால் பண்ணு

11:13 கார்த்தி: வேணாம் வேணாம் வேணாம்

11:14 கார்த்தி: பிரபு, எதையும் தூக்காதே. அந்த மெயிலுக்கு இப்ப உலகத்துலயே ஒரே காப்பிதான், அது அந்த மெஷின்ல இருக்கு. மேல ஃபைல் மெனுவுல 'வொர்க் ஆஃப்லைன்'னு இருக்கும், அதை அழுத்து. இனிமே மெயில் எடுக்கிறது நின்னுடும். வெயிட் பிரிண்ட் பாட்டுக்கு ஓடட்டும்

11:17 எடைமேடை பிரபு: போட்டுட்டேண்ணே

11:18 கார்த்தி: அத்தை, இன்னொரு மெயில் அனுப்புறேன். இது போகாம நிக்குதான்னு பாருங்க

12:05 அத்தை: நிக்குது. கணக்கு அண்ணனுக்கும் வந்துடுச்சு 👍

12:06 சித்தப்பா: நான் நீடாமங்கலம் கேட்ல நிக்கிறேன். ரெண்டு ரயில் போயாச்சு, இன்னும் திறக்கல. மில்லுக்கு வந்துதான் பாக்கணும்

12:20 நித்யா: கார்த்தி அண்ணா, எங்க ஸ்கூல் ஆபீஸ்லயும் இதே மாதிரி. மூணு கம்ப்யூட்டர்ல ஒரே ஜிமெயில். சர்க்குலர் வந்தா ஒருத்தருக்குத் தெரியுது, ஒருத்தருக்குத் தெரியல

12:31 கார்த்தி: பிரவுசர்லதானே பாக்குறீங்க நித்யா? அப்ப இந்தக் கதை இல்ல. எல்லாரும் பாக்குறது ஒரே பெட்டிதான். ஒருத்தர் திறந்தா 'படிச்சது' ஆயிடும், தடிச்ச எழுத்து போயிடும், அடுத்தவங்க பழசுன்னு நினைச்சுத் தாண்டிப் போயிடுவாங்க. பாதி ஆபீஸ்ல 'காணாமப் போன' மெயில் இதுதான். அதுல இல்லன்னா 'எல்லா மெயிலும்'ங்கிற இடத்துல தேடு, ஆர்க்கைவ் பண்ணினது அங்க இருக்கும். குப்பையில 30 நாள் வரைக்கும் கிடக்கும், அப்புறம் அதுவா அழிஞ்சிடும். இன்னொண்ணு, இடம் எவ்வளவு பாக்கின்னு பாரு. இலவசமா கொடுக்கிற 15 ஜிபில டிரைவ், போட்டோ எல்லாம் சேர்த்தி. ஆண்டு விழா வீடியோவை டிரைவ்ல ஏத்தி அது நிரம்பிட்டா மெயில் வர்றதே நின்னுடும், அனுப்பினவங்களுக்குத் திரும்பிப் போகும்

12:33 நித்யா: ஐயோ ஆண்டு விழா வீடியோ ஏத்தியிருக்கோம்ணா

12:33 கார்த்தி: முதல்ல அதைப் பாரு

1:40 கார்த்தி: கணக்கு அண்ணே, சாப்பிட்டாச்சா? பென் டிரைவ் ஒண்ணு எடுத்துக்கிட்டு எடைமேடைக்குப் போறீங்களா

1:44 கணக்கு அண்ணன்: போறேன் தம்பி. பிரபு சாப்பிடப் போயிருக்கான், நான் உக்காந்திருக்கேன்

1:52 கார்த்தி: அவுட்லுக்ல டூல்ஸ், அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ். அதுல 'ஓப்பன் ஃபோல்டர்'னு ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினா ஒரு ஃபோல்டர் திறக்கும், அதுல பிஎஸ்டின்னு முடியிற ஃபைல்தான் மொத்த மெயிலும். ஃபோல்டரைத் திறந்தே வச்சுக்கிட்டு அவுட்லுக்கை மூடுங்க. மூடாம காப்பி பண்ண விடாது. பென் டிரைவ்ல *காப்பி* தான், கட் பண்ணிடாதீங்க

2:15 கணக்கு அண்ணன்: ஆச்சுங்க தம்பி. 3 ஜிபி இருக்கு

2:18 கார்த்தி: நல்லது. இப்ப உங்க சிஸ்டத்துல வேலை. பாப்பை அப்படியே ஐமேப்பா மாத்த முடியாது, அதே ஐடியைப் புதுசா இன்னொரு தடவை சேக்கணும். சேக்கும்போது ஐமேப்னு தேர்ந்தெடுங்க, போர்ட் 993, எஸ்எஸ்எல் (பூட்டுப் போட்டு அனுப்புற முறை). ஐமேப்ல மெயில் சர்வர்லயே இருக்கும், எல்லா மெஷினும் போய் அதைத்தான் பாக்கும். பிறகு பென் டிரைவ் ஃபைலை உங்க மெஷினுக்குள்ள காப்பி பண்ணிக்கிட்டு, அவுட்லுக்ல திறந்து, அதுல இருக்கிற மெயிலைப் பிடிச்சு இந்தப் புது இன்பாக்ஸ்ல இழுத்துப் போட்டா சர்வருக்கு ஏறிடும். மூணு ஜிபியையும் போடாதீங்க, சர்வர்ல நமக்கு இடம் குறைச்சல். பொங்கலுக்கு அப்புறம் வந்தது மட்டும் போதும்

2:20 கணக்கு அண்ணன்: நீங்க போன்லயே இருங்க தம்பி, ஒவ்வொண்ணா சொல்லுங்க

3:35 கணக்கு அண்ணன்: எல்லாம் வந்துடுச்சுங்க. அக்கா பிரவுசர்லயும் தெரியுதாம். ஆடிட்டர் கேட்ட பில்லும் அனுப்பியாச்சு

3:36 அத்தை: 🙏🙏

3:41 பெரியப்பா: கார்த்தி, என் போன்லயும் இந்த மெயிலைப் போட்டுக் கொடு

3:44 கார்த்தி: போடலாம் பெரியப்பா. ஒரே ஒரு விஷயம், ஐமேப்ல ஒரு இடத்துல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும். நீங்க ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி போன்ல எல்லாத்தையும் சுத்தம் பண்ணுவீங்களே…

3:45 அத்தை: அண்ணனுக்கு வேண்டாம்டா

3:45 பெரியப்பா: ஏன், நான் என்ன சின்னப் பிள்ளையா

3:49 கார்த்தி: உங்களுக்குத் தனியா ஒரு ஐடி போட்டுத் தர்றேன் பெரியப்பா. சொல்லப்போனா அத்தைக்கு ஒண்ணு, கணக்கு அண்ணனுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சுக்கிறதுதான் நல்லது. ஒரே பாஸ்வேர்டை இத்தனை பேர் வச்சிருந்தா யார் படிச்சா, யார் அழிச்சான்னு ஒரு நாளும் தெரியாது

3:51 சித்தப்பா: அதெல்லாம் எதுக்கு, ஒரே குடும்பம்தானே

3:52 அத்தை: குடும்பம்னாதான் தனித்தனியா வேணும். எனக்குப் போட்டுடு

3:58 கார்த்தி: கடைசி வேலை. எடைமேடை சிஸ்டத்துலேருந்து மில் மெயிலை எடுத்துடலாம், காப்பி பத்திரமா இருக்கு. 2007-க்குப் பாதுகாப்பு அப்டேட்டெல்லாம் 2017 அக்டோபரோட நிறுத்தியாச்சு, அதுல இனிமே மெயில் ஓடவே கூடாது. பாஸ்வேர்டும் இத்தனை நாள் 110-ம் போர்ட்ல பூட்டு இல்லாம போய் வந்துக்கிட்டு இருந்திருக்கு. அதனால சித்தப்பா, நீங்க காலைல சொன்ன பாஸ்வேர்டை இப்ப மாத்திடுவோம்

3:59 சித்தப்பா: பாத்தீங்களா!

4:02 கார்த்தி: புதுசை இந்தக் குரூப்ல போடாதீங்க. அத்தை மட்டும் நோட்டுல எழுதி வச்சுக்கட்டும்

4:20 பெரியப்பா: பாய்கிட்ட பேசிட்டேன். ஒரு லோடு இன்னிக்கு ராத்திரி, இன்னொண்ணு வியாழக்கிழமை. லோடுமேன் ஆளுங்க 7 மணிக்கு வந்துடுவாங்க. பிரபு, மேடையைக் காலி பண்ணி வை

4:21 எடைமேடை பிரபு: இன்னும் ரெண்டு டிராக்டர்தாங்க ஐயா

4:24 கணக்கு அண்ணன்: ஐயா, ஆர்டர் கிடைச்சதுன்னு மெயில்லயும் ஒரு வரி போட்டுடவா?

4:25 பெரியப்பா: போடு. விலையையும் சேத்து எழுது