பித்தநீரில் நொதியே இல்லையாம், அப்புறம் கொழுப்புச் செரிமானத்தில் அதற்கு என்ன வேலை?

கேள்வி:
நாளை மறுநாள் உயிரியல் தேர்வு. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் கிடையாது என்று பாடத்தில் ஒரு வரி, கொழுப்பு செரிக்கப் பித்தநீரில் இருக்கும் பித்த உப்புகள் அவசியம் என்று அடுத்த வரி. கொழுப்பை உடைப்பது கணையத்தின் லைபேஸ் என்ற நொதிதான் என்றால் இந்த உப்புகள் எதற்கு?

பதில் 1:
உடைப்பது லைபேஸ்தான். ஆனால் அது நீரில் கரையும், கொழுப்பு கரையாது, அதனால் கொழுப்புத் துளியின் மேற்பரப்பில் மட்டும்தான் அதனால் கைவைக்க முடியும். பித்த உப்பு மூலக்கூறின் ஒரு பக்கம் நீரோடும் மறுபக்கம் கொழுப்போடும் ஒட்டும். குடல் அசைவில் சிதறிய துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் சுற்றி நின்று பார்த்துக்கொள்ளும், சோப்பு மாதிரி. 1 மி.மீ. துளியை 1 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளாக்கினால் மொத்தப் பரப்பு 1000 மடங்கு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பதில் 2:
சோப்போடு நிறுத்தினால் பாதிக் கதைதான். உப்பே துளியை முழுக்க மூடிக்கொண்டால் லைபேஸுக்கு இடமேது? அதற்காகவே கோலைபேஸ் என்ற சிறு புரதத்தையும் கணையம் அனுப்புகிறது, அது லைபேஸைத் துளியோடு பிடித்து வைக்கும். என்னைக் கேட்டால் உப்பின் பெரிய வேலை உடைத்த பிறகுதான். கொழுப்பு உடைந்து வரும் கொழுப்பு அமிலங்களையும் மோனோகிளிசரைடுகளையும் மைசெல் என்ற நுண்ணிய உருண்டைகளில் ஏற்றிக் குடல் சுவர்வரை கொண்டுபோய் விடுவது அதுதான். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் அதே வண்டியில்தான் போகின்றன. பித்தக்குழாய் அடைபட்டால் வைட்டமின் கே குறைந்து ரத்தம் உறையத் தாமதமாவது இதனால்தான்.

கேட்டவர்:
சரி, சுமையை இறக்கிய பிறகு உப்பும் அங்கேயே உள்ளே போய்விடுமா?

பதில் 2:
பெரும்பாலும் இல்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், அங்கே ஏறக்குறைய 95 சதவீதம் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கல்லீரலுக்குத் திரும்பிவிடும். உடலில் மொத்த இருப்பே சில கிராம்தான், அதுதான் ஒரே நாளில் பலமுறை சுற்றி வருகிறது. மலத்தில் போகிற கொஞ்சத்தைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து புதிதாகச் செய்துகொள்ளும்.

பதில் 3:
பித்தப்பையை எடுத்துவிட்ட ஆள் நான். இப்போதும் கொழுப்பு செரிக்கத்தான் செய்கிறது, ஏனென்றால் பை வெறும் சேமிப்புத் தொட்டி, பித்தநீரைச் செறிவாக்கி வைத்திருந்து சாப்பிட்டதும் திறந்துவிடும், அவ்வளவுதான். அது இல்லாததால் பித்தநீர் கல்லீரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. முதல் சில வாரம் எண்ணெய் அதிகமானால் வயிறு போனது, உப்பு மிஞ்சிப் பெருங்குடலுக்குப் போனால் அங்கே நீர் சுரக்க வைத்துவிடுமாம். தேர்வில் பித்தநீர் பித்தப்பையில் சுரக்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், நான் எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறேன்.